பருவம் தவறி வரும் கடிதம்

ஜனவரி மாதத்தில் தெற்கு அந்தமானின் சிடியாட்டாப்பு கரைக்கு விடிகாலையில் போனால், நீர் இறங்கியிருக்கும் வேளையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் பவளத்திட்டு வரை நடந்துபோகலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும் நாள்கள் அவை. கடல் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அளவு நாடாவும், நூலில் பென்சில் கட்டிய பிளாஸ்டிக் பலகையும், பி.வி.சி. குழாயில் செய்த சதுரச் சட்டமும் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். சட்டத்தைப் பவளத்தின்மேல் வைத்து, அதற்குள் எவ்வளவு உயிரோடு இருக்கிறது, எவ்வளவு வெளுத்துவிட்டது, எவ்வளவு பாசி மூடிக்கிடக்கிறது என்று எண்ணிப் பலகையில் குறித்துக்கொள்வார்கள். பிறகு சட்டத்தை ஓரடி தள்ளி வைப்பார்கள். மறுபடி எண்ணுவார்கள்.

மே மாதம் பாதி போனதும் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். கடல் கலங்கும், சிறு படகுகள் கரையேறிவிடும். அக்டோபரில் காற்று திசைமாறி வடகிழக்கு மழை தொடங்கும். ஆக, இந்தத் தீவுகளில் கடலோரக் கள ஆய்வு வருடத்துக்கு நான்கைந்து மாத வேலைதான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ஆய்வு உதவித்தொகைக்காகக் காத்திருப்பது அந்தமானில் ஒரு மாணவருக்கு என்னவாக முடிகிறது என்பது விளங்கும். டெல்லியில் ஒரு கோப்பு மூன்று மாதம் தூங்கினால், இங்கே ஒரு வருடம் கழிந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் மிகப் பெரிய ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.புக்கு (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) வெயிட்டிங் லிஸ்ட் என்ற பெயரில் ஒரு பட்டியலே கிடையாது. காத்திருப்பவர்கள் மட்டும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2024 ஜூன் பருவத்துக்கான நெட் தகுதித் தேர்வை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்கள் 11,21,225 பேர். ஜூன் 18 அன்று தேர்வு நடந்தது, மறுநாளே ரத்தானது. மறுதேர்வு ஆகஸ்ட் 21-இல் தொடங்கிச் செப்டம்பர் முதல் வாரம் வரை நடந்தது. எழுதியவர்கள் 6,84,224 பேர். முடிவு வந்த நாள் அக்டோபர் 17. அதில் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்கள் 4,970 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும் பெற்றவர்கள் 53,694 பேர். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள் 1,12,070 பேர்.

அந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரிடம் 'நீ ஆய்வு செய்யத் தகுதியானவன்' என்று அரசே சான்று கொடுத்துவிட்டது. ஆய்வு செய்யும் காலத்தில் எதைச் சாப்பிடுவான் என்பதற்கு அந்தச் சான்றில் பதில் இல்லை. அந்த மதிப்பெண்ணும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ஒரு பல்கலைக்கழகம் கிடைக்க வேண்டும், கைடு கிடைக்க வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும். கிடைத்துச் சேர்ந்தவர்கள் அடுத்த நெட், அதற்கடுத்த நெட் என்று ஜே.ஆர்.எஃப்.புக்காக எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். அதற்கும் வயது வரம்பு உண்டு: பொதுப் பிரிவுக்கு 30, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு. என் பார்வையில் இந்த ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அதில் அவரவர் இடம் எத்தனையாவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பணக்கணக்கு இது. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (சீனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) ஆனதும் 42,000. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தவருக்கு 'நான்-நெட்' என்று வழங்கும் உதவித்தொகை 8,000. அதையும் நிறுத்துவதென்று 2015 அக்டோபரில் யு.ஜி.சி. முடிவெடுத்தபோது, டெல்லியில் மாணவர்கள் யு.ஜி.சி. அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து போராடினார்கள். உதவித்தொகை பிழைத்தது, தொகை பல ஆண்டுகளாக அதே 8,000-இல் நிற்கிறது. ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில், ஒரே நுண்ணோக்கியை மாற்றி மாற்றிப் பார்க்கும் இருவரில் ஒருவருக்கு 37,000, மற்றவருக்கு 8,000. இருவருக்கும் நடுவே இருந்தது தேர்வில் சில மதிப்பெண் வித்தியாசம். அரிசி முதல் சிமென்ட் வரை பெரும்பாலானவை கப்பலில் வந்திறங்கும் ஊரில் எட்டாயிரத்தில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, படகுக்கும் பணம் கட்டுவது எப்படி என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வேறு சில அமைப்புகள் இந்த இடைநிலையைக் கொஞ்சம் நேர்மையாகக் கையாள்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தன் ஜே.ஆர்.எஃப். தேர்வில் 150 பேருக்கு உதவித்தொகை என்று அறிவித்துவிட்டு, அதற்குக் கீழே இரண்டாவது பட்டியல் ஒன்றையும் வெளியிட்டு வந்திருக்கிறது. அதில் இடம்பெறுபவருக்கு ஃபெல்லோஷிப் இல்லை, ஐ.சி.எம்.ஆர். நிதி தரும் ஆய்வுத் திட்டம் ஏதாவது ஒன்றில் இடம் அமைந்தால், அந்தத் திட்டம் முடியும்வரை ஜே.ஆர்.எஃப். ஆக வேலை செய்யலாம். உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேர்விலும் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று உண்டு. முதல் பிரிவுக்கு உதவித்தொகை. இரண்டாம் பிரிவினருக்குத் துறையின் திட்டங்களில் சேரும் தகுதி மட்டும். உதவித்தொகை தரத் துறை கடமைப்பட்டதல்ல என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கடுமையான வாசகம்தான். ஆனாலும் தன் நிலை என்ன என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையிலும் 'ஆல்டர்நேட்' என்று சொல்லிவிடுகிறார்கள். முதன்மைப் பட்டியலில் ஒருவர் விலகினால் அந்த இடம் இவருக்கு வரலாம்.

நம்முடைய ஜே.ஆர்.எஃப்.பில் அந்த நகர்வு இல்லை. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி யு.ஜி.சி., சி.எஸ்.ஐ.ஆர்., ஐ.சி.எம்.ஆர். என்று இரண்டு மூன்று தேர்வுகளில் தேறிவிடுவது வழக்கம்தான். அவளால் ஓர் உதவித்தொகையைத்தான் வாங்க முடியும். மீதி? யு.ஜி.சி.யின் அவார்டு லெட்டருக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டும் அவள் எடுத்துக்கொள்ளாத இடம் பூட்டியே கிடக்கும். அவளுக்கு அடுத்த மதிப்பெண் வாங்கியவர் வேறெங்கோ எட்டாயிரத்தில் உட்கார்ந்திருப்பார். இடம் காலி என்பது ஓர் அலுவலகத்துக்குத் தெரியும், காத்திருப்பவர் யார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துவைக்கும் விதிதான் இல்லை.

அந்தமானில் இந்த விஷயம் ஏன் இன்னும் கனக்கிறது என்று பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். வணிகத்துக்கும் துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள், இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிவந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் எனப் பல கிளை. இவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போய்ப் படிக்கும் முதல் கல்லூரியாக 1967-இல் போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா வந்தது. ஜே.என்.ஆர்.எம். என்றால்தான் ஊரில் தெரியும். 1985-இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இந்தத் தீவுகளும் வந்தன. அதன் போர்ட் பிளேர் வளாகம் புரூக்ஷாபாத்தில் இருக்கிறது. கடல் உயிரியலும், சுனாமிக்குப் பிறகு வந்த பேரிடர் மேலாண்மையும் அங்கே முக்கியமான துறைகள். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

ஆய்வு நிறுவனங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மானிடவியல் ஆய்வகத்தின் மண்டல அலுவலகம் 1951-இலேயே வந்தது. தாவரவியல், விலங்கியல் ஆய்வகங்களின் கிளைகள் 1970-களில் வந்தன. கராச்சர்மாவில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1983 முதல் ஐ.சி.எம்.ஆரின் மருத்துவ ஆராய்ச்சி மையம், வாண்டூரில் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை 1990-இல் தொடங்கிய 'ஆனெட்' களநிலையம். உலகமே வந்து ஆய்வு செய்யும் இடம் இது. இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்தக் கடலின் குணம் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஆய்வாளராக நிலைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கார் நிக்கோபாரிலிருந்து வந்து மானிடவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய அன்ஸ்டிஸ் ஜஸ்டின் போன்றவர்கள் இருக்கிறார்கள். தம் மக்களின் மொழி அறிந்த ஒருவர் எழுதும் குறிப்புக்கும், வெளியிலிருந்து வந்து சில மாதம் தங்கிப் போகிறவர் எழுதும் குறிப்புக்கும் உள்ள தூரம் பெரிது. அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் சொல்வார்கள்.

தூரம் ஒரு காரணம். சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி ஒளியிழைக் கேபிள் இணைப்பு திறக்கப்பட்டது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான் வரை அந்தக் கேபிள் போகிறது. அதற்குமுன் எல்லாம் செயற்கைக்கோள் வழி. விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய சான்றிதழை ஏற்ற நள்ளிரவு வரை விழித்திருந்து, முக்கால் பங்கு ஏறியபின் இணைப்பு அறுந்துபோன இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. இன்று இணையம் வேகமாகிவிட்டது. காகிதம் அந்த வேகத்துக்கு வரவில்லை. யு.ஜி.சி. உதவித்தொகை கனரா வங்கியின் இணையதளம் வழியே வருகிறது. ஒவ்வொரு மாதமும் மாணவர் வேலை செய்தார் என்று பல்கலைக்கழகம் அதில் உறுதிசெய்ய வேண்டும். உள்ளிடுபவருக்கு 'மேக்கர்' என்று பெயர், சரிபார்ப்பவருக்கு 'செக்கர்'. இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் நிற்கும். போர்ட் பிளேரில் இருக்கும் மாணவருக்குத் தலைமை வளாகம் புதுச்சேரி காலாப்பட்டில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்பதென்றால் விமானம் ஏற வேண்டும், இல்லையேல் கப்பல்.

சான்றிதழ் இன்னொரு காரணம். இது பலருக்குத் தெரியாதது. அந்தமான் நிக்கோபாருக்குப் பட்டியல் சாதி அட்டவணையே கிடையாது. மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தலித் குடும்பத்தின் பேத்தி, பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், தந்தை வழியில் பூர்விக மாநிலச் சான்று காட்ட வேண்டும். தாத்தா கப்பலேறிய காலத்தில் யார் சான்றிதழை நினைத்தார்கள்? சொந்த ஊரில் வீடும் இல்லை, பெயர் தெரிந்த ஆளும் இல்லை. தாலுகா அலுவலகத்தில் தேட வேண்டிய பதிவேடு எந்த ஆண்டு என்பதே தெரியாது. தமிழ்நாடு அரசு தன் ஆய்வு மாணவர்களுக்கென வைத்திருக்கும் திட்டங்கள் அங்கே படிப்பவர்களுக்கானவை. அந்தமானில் பிறந்த தமிழ்ப் பெண் மெயின்லேண்டுக்கு வெளியாள். தீவின் பட்டியலிலும் அவளுக்குப் பெயரில்லை. அவள் ஃபெல்லோஷிப்புக்குக் காத்திருப்பதற்கு முன்பே, காத்திருக்கும் உரிமைக்காகக் காத்திருக்கிறாள்.

பட்டியலில் பெயர் வந்தபின்னும் நிம்மதி இல்லை என்பதற்கு அண்மைய சான்று உண்டு. பட்டியல் சாதியினருக்கான அதே தேசிய உதவித்தொகைக்கு, 2024 ஜூன் பருவத்துக்கான தேர்வுப் பட்டியல் 2025 மார்ச்சில் வெளியானது, 865 பெயர்கள். ஏப்ரலில் திருத்திய பட்டியல் வந்தது, 805 பெயர்கள். முதல் பட்டியலில் இருந்தவர்களில் 487 பேர் மட்டும் இதில் இருந்தார்கள். 318 பேர் புதியவர்கள். 378 பேரின் பெயர் இல்லை. வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்து, பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, கைடை வணங்கி நின்ற பிறகு பெயர் போய்விட்டது. அதே ஆண்டு ஜூலையில், பட்டியல் சாதியினர் வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் வந்தது. மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் தரப்படும் என்று சொல்லப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும். சிறுபான்மையினருக்கு 2009 முதல் இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதிதாக யாருக்கும் இல்லை என்று 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. மாப்பிளா முஸ்லிம்களும் கரேன் கிறிஸ்தவர்களும் கிறிஸ்தவ நிக்கோபாரிகளும் வாழும் தீவுகளில் அது ஒரு வாசல் அடைபட்ட சேதி.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, ஒருவரைக் காக்கவைப்பது அதிகாரத்தின் ஒரு வடிவம் என்று வாதிட்டார்: எப்போது முடியும் என்று சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் உயிரோடு வைத்திருந்தால், காத்திருப்பவர் வேறு திசைக்கும் போகமாட்டார், எதிர்த்தும் பேசமாட்டார். மீரட் நகரத்துப் படித்த இளைஞர்களோடு பழகி ஆராய்ந்த கிரெய்க் ஜெஃப்ரி, 2010-இல் அதைப் பற்றி எழுதிய நூலுக்கு அவர்கள் வாயில் வந்த 'டைம்பாஸ்' என்ற சொல்லையே பெயராக வைத்தார். மீரட்டுக்கும் போர்ட் பிளேருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மீரட்டில் காத்திருப்பவர் தேநீர்க் கடையில் நின்றாவது தன்னைப் போன்ற பத்துப் பேரைப் பார்க்கிறார். இங்கே வகுப்புத் தோழர்கள் மெயின்லேண்டுக்குப் போனதும் காத்திருப்பவர் தனியாகிவிடுகிறார்.

இயற்கையும் காத்திருப்பதில்லை. 2010 ஏப்ரல், மே மாதங்களில் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016-இல் மறுபடி. 2024 ஏப்ரலில், உலகம் முழுதும் நான்காவது பெரும் பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வெளுத்த பவளம் சில வாரங்களில் மீளும் அல்லது சாகும். அந்தச் சில வாரங்களில் தண்ணீரில் இருந்தவரிடம்தான் தரவு இருக்கும். கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் தோணியாமை முட்டையிடக் கரையேறும் மாதங்களும் அப்படித்தான். அங்கே போகப் பழங்குடிப் பகுதிக்கான அனுமதி வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு. ஃபெல்லோஷிப்பின் ஐந்தாண்டுக் கடிகாரமோ சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அக்டோபரில் முடிவு வந்து, டிசம்பரில் சேர்ந்து, அனுமதி ஏப்ரலில் கைக்கு வந்தால் முதல் பருவம் முடிந்துபோயிருக்கும். ஐந்து பருவத்தில் ஒன்று போனால் ஐந்தில் ஒரு பங்கு ஆய்வு போயிற்று.

இதற்கெல்லாம் நாட்டில் முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் எடுத்தால் எண் கிடைக்கிறது. எண் குறைவதைப் பார்க்க முடிகிறது. சார்ட் போட்டதும் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. இல்லையென்றால் பணம் திரும்பிவிடுகிறது. மருத்துவ மேற்படிப்புக் கலந்தாய்வில் சுற்று ஒன்று, இரண்டு, மூன்று, மீதமுள்ள இடங்களுக்குக் கடைசிச் சுற்று என்று அட்டவணை இருக்கிறது. ஒருவர் விட்ட இடம் அடுத்தவருக்கு நகர்கிறது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலுக்கு ஃபீனிக்ஸ் பே கவுன்டரில் வரிசையில் நிற்கும் மூதாட்டிக்குக்கூட மாலைக்குள் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: டிக்கெட் உண்டு, அல்லது நாளை வா. ஆய்வு மாணவருக்கு அந்த அளவு மரியாதையையாவது கேட்பது பேராசை ஆகாது.

கேட்க வேண்டியவை சில. ஜே.ஆர்.எஃப். கட்-ஆஃபுக்குக் கீழே ஒரு பாடத்துக்கு இத்தனை பேர் என்று காத்திருப்போர் வரிசை எண்ணோடு வெளியிடப்பட வேண்டும். வேறு உதவித்தொகை எடுத்துக்கொண்டவர் ஆறு மாதத்துக்குள் அதைத் தெரிவித்து இடத்தை விட வேண்டும். அந்த இடம் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். வரிசை செல்லும் கடைசி நாள் அறிவிப்பிலேயே அச்சாக வேண்டும், அதன்பின் வீண் நம்பிக்கை வேண்டாம். ஒருமுறை வெளியிட்ட பெயரை நீக்கினால் காரணம் அந்த மாணவருக்கு எழுத்தில் போக வேண்டும். நான்-நெட் 8,000 உயர வேண்டும். அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்கள் ஐந்தாண்டுக் கணக்கில் சேரக் கூடாது. தீவில் பிறந்தவர்களுக்குத் தாத்தாவின் ஊர்ச் சான்றைத் தேடித்தர, அந்தமான் நிர்வாகமும் தமிழ்நாடு வருவாய்த் துறையும் சேர்ந்து ஒரு வழி அமைக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய பணமே தேவையில்லை.

புரூக்ஷாபாத் வளாகத்தில் கோடைப் பருவம் முடியும் நேரத்தில், எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் அறையைக் காலிசெய்யும்போது சதுரச் சட்டங்களைத் துறையில் திருப்பி ஒப்படைப்பார்கள். உப்பு படிந்து, மூலைகளில் சிப்பி ஒட்டிய சட்டங்கள். அடுத்த ஜனவரியில் அதே சட்டத்தை எடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஜனவரி மாதத்தில் கடல் தெளியும். அதற்கு முன்னால், ஆம் என்றோ இல்லை என்றோ, அவர்கள் கையில் ஒரு கடிதம் இருக்கும்படி செய்யுங்கள்.